சுரங்கமும் சூழலும் சேர்ந்து இயங்க முடியுமா? காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு பதில்

திருவாரூர் மாவட்டத்தில் வேளாண்மை படித்துவரும் ஒரு மாணவி கேட்டிருந்த கேள்வி இது: "சுரங்க நிறுவனங்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கைகோத்தால்தான் நீடித்த வளர்ச்சி வரும் என்று பாடத்தில் படிக்கிறோம். எங்கள் ஊரில் இந்த இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்ததெல்லாம் போராட்டப் பந்தலிலும் கலெக்டர் அலுவலகத்திலும்தான். டெல்டாவில் அப்படி ஓர் ஒத்துழைப்பு உண்மையிலேயே சாத்தியமா, அல்லது கம்பெனிகள் ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளும் வாசகம்தானா?"

நான் பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கழிந்தன. பிறகு ஓய்வு பெறும்வரை நிலத்தடி நீரை அளப்பதே என் வேலையாக இருந்தது. ஆகவே இரண்டு வீட்டுச் சோற்றையும் உண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாத்தியம்தான், ஆனால் பாடப் புத்தகம் சொல்லும் வரிசையில் அது நடக்காது. இந்த இடத்தில் தோண்டலாமா, கூடாதா என்ற கேள்விக்கு முதலில் விடை கிடைத்தாக வேண்டும். அந்த விடை கிடைத்த பிறகுதான், எப்படித் தோண்டுவது, எவ்வளவு தோண்டுவது, தோண்டிய குழியை என்ன செய்வது என்பவற்றில் ஒத்துழைப்புக்கு இடம் உண்டு. அதுவும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு தொடங்கினால்தான் உண்டு. நான் பார்த்த பேச்சுவார்த்தைகளில் பெரும்பாலானவை முறிந்ததற்குக் காரணம், முதல் கேள்விக்கு விடை வருவதற்கு முன்பே இரண்டாவது கேள்வியை மேடையில் வைத்ததுதான். ஆலை வேண்டாம் என்று சொல்ல வந்தவரிடம் ஆலையைச் சுற்றி எத்தனை வேப்பங்கன்று நடலாம் என்று கேட்டால், அவர் எழுந்து போகாமல் என்ன செய்வார்?

முதல் கேள்விக்கு டெல்டா எப்படி விடை கண்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. நிலக்கரி அடுக்கில் ஒட்டியிருக்கும் மீத்தேன் வெளியே வர வேண்டுமானால், அந்த அடுக்கில் உள்ள நீரை முதலில் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நெல் விளையும் பூமியில், கடல் பக்கத்திலேயே இருக்கும்போது, ஆண்டுக்கணக்கில் ஆழ்நிலை நீரை இறைப்பது என்றால் என்ன ஆகும் என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அந்தப் பரப்புரையில் இருந்தபோதே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் காலமானார். 2015-இல் மாநில அரசு அந்தத் திட்டத்துக்கு நிரந்தரத் தடை விதித்தது. 2017-இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் எழுந்தது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தலா ஐந்து வட்டாரங்களும் அதற்குள் வந்தன. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலைகள், இரும்பாலை, தோல் பதனிடும் ஆலை ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை என்றாயிற்று.

இந்தச் சட்டத்தின் வலு 2023 ஏப்ரலில் சோதிக்கப்பட்டது. ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு வைத்த தொகுதிகளின் பட்டியலில் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்து சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளும் இருந்தன. மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாள்களிலேயே அந்த மூன்றும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. என் கணக்கில், டெல்டாவில் சுரங்கத் துறையோடு பேசுவதற்கான கதவு அன்றுதான் திறந்தது. நிலம் பறிபோகும் என்ற அச்சத்தோடு உட்காருகிறவர் பேசுவதற்கு உட்காருவதில்லை, காவலுக்கு உட்காருகிறார். உலக அளவிலும் கதை இதுதான்: பெரிய சுரங்க நிறுவனங்கள் அங்கம் வகிக்கும் பன்னாட்டுச் சுரங்க, உலோக மன்றம், உலக பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தோண்டுவதில்லை என்று 2003-இல் உறுதி அளித்த பிறகுதான், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளோடு அதன் பேச்சு ஓரளவு நகர்ந்தது.

ஆனால் 2020 சட்டம் எல்லாவற்றையும் மூடிவிடவில்லை. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது தொடவில்லை. ஆற்று மணல் அதன் தடைப் பட்டியலிலேயே இல்லை. வடக்கே நெய்வேலியும் வடமேற்கே அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் மண்டலத்தின் எல்லைக்கு வெளியே நின்றாலும், நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஆகவே ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு டெல்டாவில் பொருள் இருக்குமானால் அது இந்த மிச்சங்களில்தான் இருக்கிறது. அவற்றில் பெரியது மணல். அதைப் பற்றித்தான் நான் கூடுதலாகப் பேசப் போகிறேன். எண்ணெயும் எரிவாயுவும் செய்தித்தாளில் இடம் பிடித்த அளவுக்கு, மணல் பிடிக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கொள்ளிடத்தின் பழைய பாலம் எதையாவது கோடையில் கீழே இறங்கிப் பாருங்கள். தூணின் மேல்பகுதி வெயிலில் வெளுத்திருக்கும். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாற்போல் நிறம் மாறி, ஒரு காலத்தில் மணலுக்குள் புதைந்திருந்த கட்டுமானம் கறுத்துத் தெரியும். இன்னும் கீழே, யாரும் பார்க்கவே கூடாத அடித்தளக் கிணறு வெளியே நிற்கும். அந்தக் கோடுதான் ஆற்றின் பழைய தரை. ஒருமுறை அந்தக் கோட்டுக்கு நேரே கையை நீட்டி நின்றேன். என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தது. கரையில் நின்றிருந்த பெரியவர், "ஐயா, நான் பையனா இருக்கும்போது அங்கதான் படுத்துத் தூங்குவேன்" என்றார். அவர் காட்டியது ஆகாயத்தை.

ஆற்று மணலை வெறும் கட்டடப் பொருளாகப் பார்ப்பவர்களுக்கு, அது ஒரு தண்ணீர்த் தொட்டி என்பது எளிதில் விளங்காது. பருமணலின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை, வடித்து எடுக்கக்கூடிய நீர் தங்கும். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ மணலை அள்ளினால் 10,000 கன மீட்டர் போகிறது. அதோடு 20 முதல் 25 லட்சம் லிட்டர் நீர் தங்குவதற்கான இடமும் போகிறது. லாரிக் கணக்கில் சொன்னால், ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மூன்று யூனிட் ஏற்றிக்கொண்டு போகும் ஒவ்வொரு லாரியும், வெள்ளம் வரும்போதெல்லாம் ஏறத்தாழ 2,000 லிட்டரைப் பிடித்து வைத்திருந்த ஓர் இடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆற்றங்கரை ஊர்களின் ஃபில்டர் பாயிண்டுகள், அதாவது ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள், இந்தத் தொட்டியிலிருந்துதான் குடிக்கின்றன. கொள்ளிடத்தை நம்பி வேதாரண்யத்துக்கும், காவிரியை நம்பி இராமநாதபுரத்துக்கும் போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் அப்படியே. பாசனத்துக்கு நேரும் கேடு வேறொரு வகை: ஆற்றின் தரை இறங்கினால் வாய்க்காலின் தலைமதகு உயரத்தில் நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாய்க்காலுக்கு ஏங்கும் நிலை அப்படி வருவதுதான்.

மணல் திரும்ப வராதா என்று கேட்பார்கள். வரும், ஆனால் முன்போல் வராது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு மேலிருந்து வரும் மணலின் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பவானிக்கும் அமராவதிக்கும் அணைகள் வந்த பின் அந்த வழியும் சுருங்கிவிட்டது. வரவு குறைந்த வீட்டில் செலவைக் கூட்டிக்கொண்டே போனதுதான் கடந்த சில பத்தாண்டுகளின் கதை. 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்தபோது, 1830-களில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த கட்டுமானம், வயதாகிவிட்டது என்று ஒரு தரப்பும், கீழே மணலை அள்ளி அடித்தளத்தை அரித்துவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. அணைக்குக் கீழே ஆற்றுத் தரையின் மட்டம் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு ஊர்மக்கள் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தால், அந்த வாதத்துக்கே தேவை இருந்திராது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2003 முதல் தமிழ்நாட்டில் ஆற்று மணலை எடுப்பதும் விற்பதும் அரசின் கையில் இருக்கிறது. அதற்காகவே சிறு கனிமச் சலுகை விதிகளில் 38-அ என்ற விதி சேர்க்கப்பட்டது. ஆகவே மணலைப் பொறுத்தவரை "சுரங்க நிறுவனம்" என்று நாம் சுட்டிக்காட்டும் இடத்தில் அரசே நிற்கிறது. விற்பவரும் அவரே, காவல்காரரும் அவரே. தனியாரிடம் இருந்தபோது நடந்த கொள்ளையைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு வந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட பிறகு, அனுமதிக் கடிதத்தில் ஒரு மீட்டர் என்று எழுதியிருக்கும் ஆழம் களத்தில் எத்தனை மீட்டர் ஆகிறது என்பதை, அந்த வருவாயில் பங்கில்லாத ஒருவர் அளக்காதவரை எந்தக் கணக்கும் நிற்காது. உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. 2016-இலும் 2020-இலும் ஒன்றிய அரசு வெளியிட்ட மணல் வழிகாட்டுதல்கள், மாவட்ட ஆய்வறிக்கை வேண்டும், பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆற்றை அளந்து எவ்வளவு மணல் திரும்பி வந்தது என்று பார்த்த பிறகே அடுத்த அளவை முடிவு செய்ய வேண்டும் என்கின்றன. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. களத்தில் அந்த அளவெடுப்பைச் செய்பவரைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அளவை பற்றி நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய சிற்றூர். சுரங்கம் ஆழமாகப் போன பிறகு கிணறுகள் வற்றுகின்றன என்று ஊர் சொன்னது. நீர்மட்டம் இறங்கவே இல்லை என்று நிறுவனம் மூன்றாண்டுப் பதிவேட்டைக் காட்டியது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விந்தை. நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் இரும்பு நாடாவின் நுனியில் சில அடி தூரத்துக்குச் சாக்கட்டியைத் தடவி, குழாய்க்குள் மெல்ல இறக்குவோம். நீரில் நனைந்த இடம்வரை சாக்கட்டிப் பூச்சு கறுத்திருக்கும். குழாய் விளிம்பில் படித்த அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைக்கும். காலை ஆறு மணிக்கு அளந்தபோது நிறுவனத்தின் பதிவேட்டுக்கு ஒட்டியே எண் வந்தது. பெரியவர் ஒருவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சார், உங்க கணக்குல தண்ணி இருக்கு, எங்க குழாயில இல்ல. மத்தியானம் வந்து அளங்க" என்றார்.

மத்தியானம் போனேன். மும்முனை மின்சாரம் வந்து ஊர் மோட்டார்கள் ஓடத் தொடங்கியிருந்தன. சுரங்கத்திலும் நீரை வெளியேற்றும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நாடா நனைவதற்குக் காலையைவிட வெகு ஆழம் இறக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் ஆள்கள் எப்போதும் விடியற்காலையில், எல்லாம் ஓய்ந்திருக்கும்போது அளந்திருக்கிறார்கள். அது ஓய்வுநிலை மட்டம், விதிப்படி அப்படித்தான் அளக்க வேண்டும். ஊர்க்காரர் தன் பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் பார்த்திருக்கிறார். அது இறைப்புநிலை மட்டம். அன்று முதல் மாதம் ஒருமுறை, காலையும் மத்தியானமும், நிறுவனத்தின் பணியாளர் ஒருவரும் ஊரின் இளைஞர் ஒருவரும் சேர்ந்தே அளப்பது, இருவரும் கையெழுத்திட்டு ஒரு நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவது என்று முடிவாயிற்று. ஓராண்டுக்குள் சுரங்கத்தின் வடக்குப் பக்கக் கிணறுகள் மட்டுமே பாதிக்கப்படுகின்றன என்பது இருவருக்குமே தெரிந்தது. அதன் பிறகு இழப்பீட்டுப் பேச்சு இரண்டே கூட்டங்களில் முடிந்தது. பெரிய சாதனை என்று இதைச் சொல்ல வரவில்லை. அடுத்து வந்த மேலாளர் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார், யாராலும் கேட்க முடியவில்லை, ஏனென்றால் எழுத்தில் எதுவும் இல்லை.

எழுத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே ஸ்டில்வாட்டர் என்ற பிளாட்டினம், பல்லேடியச் சுரங்கத்துக்கும், ஆற்றோரம் மாடு மேய்க்கும் பண்ணையாளர்களும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்த மூன்று அமைப்புகளுக்கும் இடையே 2000 மே மாதத்தில் "நல்ல அண்டை வீட்டார் ஒப்பந்தம்" கையெழுத்தானது. அது நல்லெண்ண அறிக்கையாக நிற்கவில்லை. நீதிமன்றத்தில் செல்லும் ஒப்பந்தமாக எழுதப்பட்டது. ஆற்று நீரைச் சோதிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அவர்கள் தேர்ந்தெடுக்கும் வல்லுநருக்கான செலவை நிறுவனம் ஏற்கிறது. சுரங்கத்துக்குப் போய்வரும் வாகன நெரிசலைக் குறைக்கத் தொழிலாளர்களைப் பேருந்தில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதுகூட அதில் உண்டு. நிறுவனம் கைமாறினாலும் ஒப்பந்தம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். 2017-இல் தென்னாப்பிரிக்காவின் சிபானி நிறுவனம் அந்தச் சுரங்கத்தை வாங்கிய பிறகும் அது தொடர்ந்தது. மொன்டானாவின் மக்கள்தொகையும் நிலப் பரப்பும் வேறு, நம்முடையது வேறு என்பது தெரியும். நான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: வல்லுநருக்குப் பணம் கொடுப்பது நிறுவனம், ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது ஊர். நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எழுதுபவரை நிறுவனமே தேர்ந்தெடுத்து, நிறுவனமே பணமும் கொடுக்கிறது. வாதி வைத்த வக்கீலே தீர்ப்பும் எழுதுவது போன்ற ஏற்பாடு இது.

நெய்வேலிக்கு வருகிறேன். அங்கே பழுப்பு நிலக்கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு கூடிய ஒரு நீர்த்தாங்கி, அதாவது நீர் தங்கியிருக்கும் அடுக்கு, இருக்கிறது. முற்காலத்தில் அந்த வட்டாரத்தில் குழாயை இறக்கினால் மோட்டார் இல்லாமலே நீர் பொங்கி வரும். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் மேலே வந்துவிடும் என்பதால், 1961-இல் முதல் நிலக்கரி கண்ணில் பட்டதற்கு முன்பிருந்தே இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும், ஒரு பகுதி பரவனாற்று வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆயக்கட்டுகளுக்கும் போகிறது. ஆக, சுற்றியுள்ள ஊர்களில் ஒரு விவசாயிக்குச் சுரங்கத்தால் கிணறு வற்றுகிறது. இன்னொரு விவசாயிக்குச் சுரங்கம் விடும் தண்ணீரால்தான் கோடையிலும் நெல் விளைகிறது. வெளியூரிலிருந்து போகும் ஆர்வலர்கள் முதலாமவரை மட்டும் பார்க்கிறார்கள். நிறுவனத்தின் விளம்பரத்தில் இரண்டாமவர் மட்டும் சிரிக்கிறார். ஒத்துழைப்பு என்று ஒன்று அங்கே தொடங்குவதாக இருந்தால், எத்தனை லிட்டர் இறைக்கப்படுகிறது, அதில் எத்தனை எந்த ஏரிக்கு, எந்த மாதத்தில் விடப்படுகிறது, அந்த நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற கணக்கை ஏரிப் பாசனச் சங்கங்களின் கையில் மாதந்தோறும் கொடுப்பதில்தான் தொடங்க வேண்டும்.

அதைச் செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலையில் வளையமாதேவியில் பார்த்தோம். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வாங்க இருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். அறுவடைக்கு இன்னும் சில வாரங்கள் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே வேதனைப்பட்டது. டெல்டாக்காரர்களுக்கு விளைந்த நெல்லை அழிப்பது என்பது சட்டப் பிரச்சினை அல்ல. பல ஆண்டுகளாகச் சேர்த்த நல்லெண்ணத்தை ஒரே காலையில் பொக்லைன் வாரிக்கொண்டு போய்விடும்.

எண்ணெய், எரிவாயு பற்றி ஓரிரு சொற்கள் போதும். 1960-களில் தொடங்கிய தேடல், 1980-களில் நரிமணம் வட்டாரத்தில் பலன் தந்தது. அதன் பிறகு குத்தாலம், கமலாபுரம், அடியக்கமங்கலம் என்று கிணறுகள் பரவின. 2020 சட்டம் இவற்றை நிறுத்தவில்லை. இவற்றில் பல வற்றிவரும் வயதில் இருக்கின்றன. வற்றிய கிணற்றை முறையாக மூடுவதென்றால், எண்ணெய் வந்த அடுக்கையும் நன்னீர் அடுக்கையும் பிரிக்கும்படி உள்ளே குறிப்பிட்ட ஆழங்களில் சிமென்ட் அடைப்புகள் போட்டு, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, மேல்குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, மண்ணைப் பழையபடி மாற்றிக் கொடுக்க வேண்டும். போராடுகிறவர்களும் மூடத்தான் சொல்கிறார்கள், நிறுவனமும் என்றாவது மூடித்தான் ஆக வேண்டும். இரு தரப்பும் உடனடியாகச் சேரக்கூடிய இடம் இதைவிட வேறில்லை. இருந்தும் மூடுவதற்காக இயந்திரம் வந்தால் புதிதாகத் தோண்ட வந்திருக்கிறார்கள் என்று ஊர் திரண்டு மறிக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தக் கிணறு, எப்போது, எந்த முறையில் மூடப்படுகிறது என்பதைக் கிராம சபையில் முன்கூட்டியே படம் போட்டுச் சொல்லும் வழக்கம் இருந்திருந்தால் மறியலுக்கு அவசியம் இருந்திராது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயுத் தேடல் பணிகளைப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படாத வகைக்கு ஒன்றிய அரசு மாற்றியதும் இந்த ஐயத்துக்கு எண்ணெய் வார்த்தது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை ஏற்படுத்தினார்கள். பழைய குத்தகைகளுக்கு அரசுரிமைத் தொகையில் (ராயல்டியில்) 30 விழுக்காடும், அதற்குப் பின் ஏலத்தில் வந்தவற்றுக்கு 10 விழுக்காடும் பாதிக்கப்பட்ட பகுதிக்கே போய்ச் சேர வேண்டும். நெய்வேலிக்கு இது பொருந்தும். ஆனால் எண்ணெயும் எரிவாயுவும் வேறு சட்டத்தின் கீழ் வருவதால், நரிமணத்துக் கிணறுகளால் நரிமணத்துக்கு இந்த வழியில் ஒரு ரூபாயும் வராது. கோவா இரும்புத் தாது வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், ஆண்டுக்கு 2 கோடி டன் என்று தற்காலிக உச்சவரம்பு வைத்ததோடு, விற்பனைத் தொகையில் 10 விழுக்காட்டை வருங்காலத் தலைமுறைக்கான நிரந்தர நிதியில் போடச் சொன்னது. கனிமம் என்பது விளைச்சல் அல்ல, முதல். முதலை விற்றால் வரும் பணத்தை வருமானமாகச் செலவழிக்கக் கூடாது என்ற எளிய குடும்பக் கணக்குத்தான் அது. காவிரி மணலுக்கு அப்படி ஒரு நிதி இருந்திருந்தால், கொள்ளிடத்தின் குறுக்கே தரையைத் தாங்கிப் பிடிக்கும் படுகை அணைகளுக்கு வேறெங்கும் கடன் வாங்க வேண்டியிருந்திருக்காது.

ஆர்வலர்கள் தரப்பிலும் குறைகள் உண்டு; என் நண்பர்கள் என்பதால் மறைக்கப் போவதில்லை. மேடையில் கைதட்டலுக்காகச் சொல்லும் ஒரு மிகைப்பட்ட எண், மறுநாள் கலெக்டர் முன்னிலையில் பொய்யென்று காட்டப்படும்போது, அதோடு சேர்ந்து ஒன்பது உண்மைகளும் தள்ளுபடியாகின்றன. கூட்டாக அளக்க அழைத்தாலும், போனால் விலைபோய்விட்டார் என்று சொல்வார்கள் என்ற அச்சத்தில் வராமல் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைவிட எனக்கு உறுத்தலானது இன்னொன்று. ஆற்று மணலுக்கு மாற்றாக எம்-சாண்டை வற்புறுத்தியவர்களில் நானும் ஒருவன். 2023-இல் மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் எம்-சாண்ட் வானத்திலிருந்து வருவதில்லை. புதுக்கோட்டையிலும் கரூரிலும் பெரம்பலூரிலும் குன்றுகளை வெடித்து, அரைத்து வருகிறது. தஞ்சாவூரில் எழும் மாடி வீட்டுக்காக அங்கே ஒருவர் கல்தூசியைச் சுவாசிக்கிறார். உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் கணக்கிட்டது. இடித்த கட்டடக் கழிவை மீண்டும் பயன்படுத்துவது பற்றியும் வீட்டின் அளவு பற்றியும் பேசாமல் ஆற்றை மட்டும் காப்பது, நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டுவதற்குச் சமம்.

இனி உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன்: அது வெறும் ஆண்டறிக்கை வாசகமா? எழுத்தில் இல்லாதபோது, அளவு ஒருவர் கையில் மட்டும் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு இல்லாதபோது, ஆம், வெறும் வாசகம்தான். அந்த மூன்றும் இருக்கும் இடங்களில் அது நடந்திருக்கிறது. பல்வேறு தரப்பினரும் சமமாக வாக்களிக்கும் சான்றளிப்பு அமைப்புகள் உலோகச் சுரங்கங்களுக்கு இப்போது இருக்கின்றன. 2006-இல் தொடங்கிய பொறுப்பான சுரங்கத்துக்கான ஒரு முன்முயற்சியில் நிறுவனங்களுக்கு எவ்வளவு குரலோ அவ்வளவு குரல் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் உண்டு. காவிரி மணலுக்கு அப்படி ஒன்றை உருவாக்குவதற்கு யாரும் வெளிநாடு போக வேண்டியதில்லை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டு, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியை ஊரே நியமித்து, கூலியை ஊரே அளந்து கொடுத்த பழக்கம் இங்கே இருந்தது. மணலை அளக்கும் ஆளையும் அதே வழியில் நியமிக்கலாம்.

நீங்கள் மாணவி என்பதால் உங்களால் செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊர் ஆற்றங்கரையில் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றிலிருந்து நூறு மீட்டருக்குள் ஐந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஐந்து. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்தே அளக்க வேண்டும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முன்பு, மே மாதக் கடைசி வாரத்தில் ஒருமுறை. சம்பா அறுவடையை ஒட்டி ஜனவரியில் ஒருமுறை. இரண்டு முறையும் காலையிலும் மத்தியானத்திலும். அருகில் இருக்கும் பாலத்தின் ஒரே தூணை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே கோணத்தில், பக்கத்தில் ஓர் அளவுக்கோலை நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்திலிருந்து ஒருவரை உடன் வரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் வர மாட்டார், ஆனால் கேட்ட கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பழைய இரும்பு நாடா ஒன்று இருக்கிறது, ஐம்பது மீட்டர் நீளம், நடுவில் ஓரிடத்தில் மட்டும் துருவேறியிருக்கிறது. வேண்டுமானால் கும்பகோணம் வந்து வாங்கிக்கொள்ளலாம்.